தோப்புக்கு அப்பாவையும் அழைத்துச் செல்லலாமா?

சிறுசேரியில் சிப்காட் பூங்காவின் கண்ணாடிக் கட்டடங்களைக் கடந்து, பழைய மகாபலிபுரம் சாலையில் கேளம்பாக்கம், தையூர், திருப்போரூர் என்று தெற்கே செல்லச் செல்ல, அடுக்குமாடிகளின் இடைவெளியில் பனைமரங்கள் தலைகாட்டத் தொடங்கும். சித்திரையிலும் வைகாசியிலும் அம்மரங்களின் நுங்கு சாலையோரத்துக்கு வந்துவிடுகிறது. சாலையை விட்டு உள்ளே திரும்பினால், வேலிக்குப் பின்னால் மாந்தோப்புகளும் கொய்யா, சப்போட்டாத் தோட்டங்களும் இன்னும் மிச்சமிருக்கின்றன. முன்னதாகவே சொல்லி அனுமதி பெற்றால், குடும்பத்தோடு வருவோரை உள்ளே விட்டு, பறித்ததை எடை போட்டுக் கொடுக்கும் தோப்புக்காரர்கள் உண்டு. பறிக்கும்போது தின்பதற்குக் கணக்கில்லை என்பது எழுதப்படாத ஒப்பந்தம்.

பழம் வாங்குவதற்கும் பழம் பறிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உலகம் முழுவதும் மக்கள் உணர்ந்திருக்கிறார்கள். ஜப்பானியர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரின் நேர்ப்பொருளே 'பழ வேட்டை' என்பதுதான். நம் மாநிலத்தில் கம்பம் பள்ளத்தாக்குக்குச் சுற்றுலா செல்வோர், 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சையின் பந்தல்களுக்கு அடியில் நின்று பார்க்காமல் திரும்புவதில்லை. தாம்பரத்திலும் சிறுசேரியிலும் வசிப்பவர்களுக்குக் கம்பம் தொலைவு. அரைமணி நேரத்தில் சென்றடையக்கூடிய தோப்பே போதும்.

ஆனால் வீட்டில் ஒருவர் நீண்டநாள் நோயுடன் இருக்கும்போது இந்தச் சிறிய பயணமும் பெரிய கேள்வியாகிவிடுகிறது. குழந்தைகளுக்கு விடுமுறை. அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அல்லது பாட்டிக்கு இன்சுலின், மூட்டுவலி வேறு. 'நீங்கள் போய் வாருங்கள், நான் வீட்டில் இருக்கிறேன்' என்று பெரியவர் சொல்வார். அவருக்குத் துணையாக மகளோ மருமகளோ வீட்டில் தங்கிவிடுவார். மற்றவர்கள் சென்று வருவார்கள். யாரும் யாரையும் புண்படுத்தவில்லை. எல்லாம் அக்கறையினால் நிகழ்வதே. எனினும் இப்படி நான்கைந்து முறை ஆனபின், அடுத்த முறை அவரிடம் கேட்கும் வழக்கமே நின்றுபோகிறது. நோய் அவருடைய உடலில் எடுத்துக்கொண்ட இடத்தைவிட, குடும்பத்தின் நாட்காட்டியில் எடுத்துக்கொண்ட இடம் அதிகமாகிவிடுகிறது.

பெரும்பாலான நோயாளிகள், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, சில ஏற்பாடுகளுடன் இத்தகைய அரைநாள் பயணத்துக்குச் சென்று வர இயலும். யாரை வீட்டில் விட்டுச் செல்வது என்பதைவிட, என்ன ஏற்பாட்டுடன் அழைத்துச் செல்வது என்று கேட்பதே சரி என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. அந்த ஏற்பாடுகளில் உயிருக்கே முக்கியமானவையும் உண்டு. அவற்றைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

மரத்தைப் பார்ப்பதால் என்ன ஆகும்?

'நோயாளிக்குத் தோப்பில் என்ன வேலை?' என்று கேட்போருக்கு ஓர் ஆய்வைச் சொல்லலாம். ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்றவர்களின் குறிப்பேடுகளை எடுத்துப் பார்த்தார். 23 பேர் தங்கிய அறைகளின் சன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. அவர்களோடு வயது முதலியவற்றில் ஒத்த வேறு 23 பேரின் சன்னல் வழியே செங்கற்சுவர் மட்டுமே தெரிந்தது. மரத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினர். சுவரைப் பார்த்தவர்களுக்கு 8.70 நாள் ஆயிற்று. முன்னவர்கள் வலுவான வலிமருந்துகளையும் குறைவாகவே கேட்டனர். 1984இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான இந்த ஆய்வு சிறியது. மரம் நோயைத் தீர்க்கும் என்று இதைக்கொண்டு யாரும் சொல்லிவிட முடியாது. ஆயினும் உலகின் பல பாகங்களில் மருத்துவமனைகள் தோட்டங்களைப் பற்றி யோசிப்பதற்கு இது ஒரு தொடக்கமாக அமைந்தது.

நெதர்லாந்து நாட்டில் இதை இன்னும் ஒருபடி மேலே கொண்டுசென்றிருக்கிறார்கள். அங்கே 'பராமரிப்புப் பண்ணைகள்' என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பண்ணைகள் இயங்குகின்றன. மறதிநோய் கண்ட முதியவர்கள், மனநலச் சிகிச்சை பெறுவோர் முதலியோர் பகற்பொழுதை அங்கே கழிக்கிறார்கள். கோழிக்குத் தீனி இடுகிறார்கள், களை எடுக்கிறார்கள், விளைந்ததைப் பறிக்கிறார்கள். நாள் முழுவதும் தமக்காகப் பிறர் செய்வதையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, தாம் செய்வதற்கென்று ஒரு வேலை கிடைப்பது சிறிய விஷயமன்று. நம் வீட்டுப் பெரியவரும் பத்துக் கொய்யாவைத் தம் கையால் பறித்துப் பேரக்குழந்தையின் கூடையில் போடட்டும். அவர் அவற்றில் ஒன்றைத் தின்னலாமா என்பது வேறு கேள்வி.

சிறுநீரக நோயாளியும் கொய்யாவும்

அந்தக் கேள்விக்கு வருவோம். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்குப் பழத்தோட்டம் ஆபத்தான இடமாகலாம், காரணம் பொட்டாசியம். இரத்தத்தில் இதன் அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிஈக்விவலன்ட் வரை இருக்க வேண்டும். உணவில் மிகுதியாக வந்துவிட்ட பொட்டாசியத்தை நல்ல சிறுநீரகம் சிறுநீரில் வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் அது இயலாது. அளவு ஏறிக்கொண்டே போனால் தசைகள் தளரும். இதயத் துடிப்பு தாறுமாறாகும். சிலவேளை முன்னறிவிப்பு எதுவுமின்றி இதயம் நின்றுவிடவும் கூடும். 'உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லையே' என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அளவு ஏறியிருக்கலாம் என்பதுதான் இதில் அச்சம் தருவது.

டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு, ஒரு நாளைக்கு மொத்தம் 2000 முதல் 2500 மில்லிகிராம் பொட்டாசியம் என்று உணவியலாளர்கள் வரையறுப்பது வழக்கம். ஆளுக்கு ஆள் இது மாறும். இப்போது பழங்களைப் பார்ப்போம். 100 கிராம் கொய்யாவில் 417 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு, வாழைப்பழத்தில் 358. சப்போட்டாவில் 193, பப்பாளியில் 182, மாம்பழத்தில் 168. அன்னாசியிலும் தர்பூசணியிலும் 110 அளவில்தான். நாவற்பழத்தில் இன்னும் குறைவு, 79. நடுத்தரக் கொய்யா ஒன்று 150 கிராம் இருக்கும் என்று கொண்டால், அந்த ஒரு பழமே அன்றைய வரம்பில் கால்பங்கை எடுத்துக்கொண்டுவிடும். தோப்பில் யார் ஒரு கொய்யாவோடு நிறுத்துகிறார்கள்?

குறைந்த அளவு உள்ள பழமானாலும் நிறையத் தின்றால் கணக்கு ஒன்றாகிவிடும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். தர்பூசணி, நுங்கு போன்றவற்றில் பெரும்பகுதி நீரே. 'இன்று இவ்வளவு தண்ணீர்தான்' என்று அளந்து குடிப்பவர்கள் அதையும் அந்த அளவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதைவிட முக்கியமானது இளநீர். பழத்தைக்கூட ஒருவர் எண்ணிப் பார்த்துத் தின்பார். இளநீரோ உபசாரமாக வந்து நிற்கும். வெயிலில் வந்த பெரியவரைக் கண்டதும் தோப்புக்காரர் செய்யும் முதற்காரியம், ஓர் இளநீரைச் சீவி அவர் கையில் கொடுப்பதுதான். நம் மண்ணின் நல்ல பழக்கம் அது. ஆனால் 100 மில்லி இளநீரில் ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. ஒரு காயில் 300 மில்லி நீர் இருந்தால், 600 முதல் 750 மில்லிகிராம் சில நிமிடங்களில் உள்ளே போய்விடும். நீரின் அளவும் கூடவே ஏறும். கொடுத்ததை மறுப்பது மரியாதைக் குறைவு என்று எண்ணி வாங்கிக் குடித்துவிடும் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஆகவே மறுக்கும் பொறுப்பை அவரிடம் விடாதீர்கள். தோப்புக்குள் நுழைந்ததும் வீட்டில் ஒருவர் முந்திக்கொண்டு, 'அண்ணா, அப்பாவுக்கு இளநீர் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. எங்களுக்கு வெட்டுங்க, அவருக்கு உட்கார ஒரு நாற்காலி கொடுத்தா போதும்' என்று சொல்லிவிட வேண்டும். உபசரிக்க விரும்புகிறவருக்குச் செய்வதற்கு வேறொன்றைக் கொடுத்துவிட்டால் மனத்தாங்கல் வராது.

முற்றிலும் தொடவே கூடாத பழம் ஒன்றும் உண்டு. ஐந்து விளிம்புகளுடன், குறுக்கே வெட்டினால் நட்சத்திரம்போல் தெரியும் நட்சத்திரப் பழம்; தமரத்தை என்பது அதன் பழைய பெயர். வீட்டுத் தோட்டங்களில் அழகுக்காகவும் இதை வளர்க்கிறார்கள். சிறுநீரகம் நலமாக உள்ளவர் ஒன்றிரண்டு தின்றால் பொதுவாகத் தீங்கில்லை. சிறுநீரக நோயாளி ஒரு பழம் தின்றாலும் நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு என்று வளர்ந்து உயிருக்கே ஆபத்தாகக்கூடும். இதிலுள்ள நரம்பு நச்சைப் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டு பிரித்தறிந்து 'காரம்பாக்சின்' என்று பெயரிட்டனர். தவறித் தின்றுவிட்டால், அறிகுறி தோன்றட்டும் என்று காத்திராமல் உடனே டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். என்ன பழம் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

இதன் உறவுப் பழமான பிலிம்பியும் அளவுக்கு மிஞ்சினால் கெடுதல் செய்யும். கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பி அதன் சாற்றை அடர்த்தியாகக் குடித்து, அதுவரை நலமாக இருந்தவர்களே சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளான நிகழ்வுகள் கேரளத்திலிருந்து மருத்துவ இதழில் பதிவாகியுள்ளன. சிறுநீரகம் மாற்றிப் பொருத்தப்பட்டவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: பம்பளிமாஸ், உறுப்பு நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடக்கூடும். கொழுப்புக்கான சில மாத்திரைகளுடனும் அது ஒத்துப்போகாது. மருத்துவரைக் கேளாமல் அதைத் தொட வேண்டாம்.

பயண நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்வோருக்கு ஓரிடத்தில் இரண்டு நாள் இடைவெளி விழும். அந்த நீண்ட இடைவெளியின் முடிவில்தான் உடலில் நீரும் பொட்டாசியமும் உச்சத்தில் இருக்கும். தோப்புப் பயணத்தை அந்நாளில் வைக்காமல், டயாலிசிஸ் முடிந்த மறுநாளில் வைத்துக்கொள்வது நல்லது. ஃபிஸ்டுலா உள்ள கையில் கூடையை மாட்டித் தொங்கவிடக் கூடாது. முள்ளுள்ள கிளைகளுக்குள் அந்தக் கையை நுழைக்கவும் கூடாது. அந்தக் கைக்கு முழுக்கைச் சட்டை தளர்வாக இருக்கட்டும்.

சர்க்கரை நோயாளிக்கு

சிறுநீரகம் நலமாக உள்ள சர்க்கரை நோயாளிக்குக் கொய்யா நல்ல தோழன் என்பது விந்தையாகத் தோன்றலாம். ஒருவருக்கு விலக்கு, இன்னொருவருக்கு விருந்து. 100 கிராம் கொய்யாவில் சர்க்கரை 9 கிராம், நார்ச்சத்து 5 கிராமுக்கு மேல். அதே எடை மாம்பழத்தில் சர்க்கரை 14 கிராம், நார்ச்சத்து 2 கிராமுக்கும் குறைவு. வைட்டமின் சியோ கொய்யாவில் ஆரஞ்சைப்போல் நான்கு மடங்கு. சற்றுக் காயாக, கடித்தால் நொறுங்கும் பக்குவத்தில் ஒரு கொய்யாவைத் தோலோடு தின்னலாம். சப்போட்டாவும் சீதாப்பழமும் இனிப்பு மிகுந்தவை. ருசி பார்க்கும் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சாறு பிழிந்து குடிப்பது எந்தப் பழத்திலும் வேண்டாம். நாவற்பழம் தின்றால் சர்க்கரை குறைந்துவிடும் என்று அன்றைய மாத்திரையை நிறுத்துவோர் உண்டு. நாவற்பழத்தைத் தாராளமாக ரசியுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

தோப்பில் சர்க்கரை கூடுவதைவிடக் குறைவதுதான் உடனடி ஆபத்து. காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு கிளம்புகிறோம், வெயிலில் நடக்கிறோம், குழந்தைகள் இன்னும் ஒரு வரிசை என்கிறார்கள், மதிய உணவு இரண்டு மணியைத் தாண்டிவிடுகிறது. வியர்வை, நடுக்கம், படபடப்பு, காரணமற்ற எரிச்சல் ஆகியவை தெரிந்தால் சோதித்துப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால், மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். இந்த நேரத்தில் கொய்யாவைக் கொடுப்பது பயன்படாது. நார்ச்சத்து அதன் சர்க்கரையை மெதுவாகவே விடுவிக்கும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐ அழையுங்கள்.

செருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோப்பு மண்ணைக் கண்டதும் வெறுங்காலோடு நடக்க ஆசை வரும். நெருஞ்சி முள் தைத்தால் நாம் 'ஆ' என்போம். நரம்பு மரத்துப்போன பாதத்துக்கு அது தெரியவே தெரியாது. இரண்டு வாரம் கழித்து ஆறாத புண்ணாகத்தான் அது வெளியே வரும். காலை முழுதும் மூடும் காலணி, பருத்திக் காலுறை இரண்டும் கட்டாயம். வீடு திரும்பியதும் பாதத்தைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கு உட்பட ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இதைப் பேரப்பிள்ளைகளிடம் ஒப்படைத்தால் உற்சாகமாகச் செய்வார்கள். அவர்களுக்குக் கண்ணும் கூர்மை.

அணில் கடித்த பழம்

அணில் கடித்த கொய்யா தனி இனிப்பு என்று சொல்லியே நாம் வளர்ந்தோம். இன்று அதை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கடித்தது அணிலா, பழந்தின்னி வௌவாலா என்று பழத்தைப் பார்த்து உறுதியாகச் சொல்ல இயலாது. 2018இல் கேரளத்தில் நிபா காய்ச்சல் பரவியதிலிருந்து, கடிபட்ட பழங்களைத் தின்ன வேண்டாம் என்று சுகாதாரத் துறையினர் வலியுறுத்துகின்றனர். பல்தடம் பட்டதையும், தரையில் விழுந்து வெடித்ததையும் விட்டுவிடுங்கள். பூச்சிமருந்து கடைசியாக எப்போது தெளித்தார்கள் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். பறித்ததை ஓடும் நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவிய பின்பே தின்ன வேண்டும். புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்டு வெள்ளணு எண்ணிக்கை குறைந்திருப்பவர்கள் மட்டும், அந்த வாரத்தில் மண்ணும் தூசியும் உள்ள இடத்துக்குச் செல்லலாமா என்பதையே முதலில் தம் மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

பாம்பைப் பற்றிப் பேசாமல் தோப்பைப் பற்றிப் பேச முடியாது. நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் நஞ்சுக்கும் எதிராக ஒரே மருந்து நம் மருத்துவமனைகளில் உள்ளது. அதைத் தயாரிப்பதற்கான நஞ்சைத் தருபவர்கள் நமக்குத் தொலைவில் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், 1978ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அப்பணியைச் செய்து வருகிறது. இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. கடிபட்டால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட காலை எலும்பு முறிந்த காலைப்போல் அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள். கண்ணாடி விரியனின் நஞ்சு சிறுநீரகத்தையும் தாக்கும். ஆகவே தாமதம் கூடாது. சருகு குவியலில் கையை விடாமல், ஒரு கழியால் தட்டிக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் பாம்பே விலகிப்போய்விடும்.

உடனிருப்பவருக்கு ஒரு நாள்

இவ்வளவையும் படித்த பின், 'இத்தனையையும் யார் பார்ப்பது?' என்ற கேள்வி எழும். வழக்கமாகப் பார்ப்பவர்தான் பார்ப்பார் என்றால், அவருக்கு இது பயணமன்று, இடம் மாறிய வேலை. மருந்துப் பையையும் குளுக்கோஸ் பொட்டலத்தையும் அன்று ஒரு நாள் வேறொருவர் சுமக்கட்டும். அண்ணனோ தம்பியோ, கல்லூரியில் படிக்கும் மகனோ, எந்த மாத்திரை எந்த நேரத்தில் என்று முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, 'இன்று நீ பழம் பறி' என்று சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் இரவு விழித்தவர்கள் அந்த மூன்று மணி நேரத்தை மரத்தடியில் படுத்துத் தூங்கிக் கழித்தாலும் யாரும் எழுப்ப வேண்டாம்.

முன்தினம் தோப்புக்காரரிடம் தொலைபேசியில் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: வண்டி எதுவரை வரும், கழிப்பறை உண்டா, நிழலில் உட்கார இடம் இருக்கிறதா. சக்கர நாற்காலி மணலில் ஓடாது, வரப்பில் ஏறாது. ஆகையால் வண்டி நிற்கும் இடத்துக்கு அருகில் தாழ்ந்த கிளைகளுள்ள மரம் ஒன்று இருந்தால் அதுவே போதும். ஒட்டுக் கட்டிய கொய்யா மரங்கள் பெரும்பாலும் உட்கார்ந்தபடியே கைக்கு எட்டும் உயரத்தில் காய்க்கின்றன. கோடையில் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டுப் பத்தரைக்குள் திரும்பிவிடலாம். மாந்தோப்பின் நிழல்கூட நண்பகலில் உதவாது. நீர் பிரியும் மாத்திரை எடுத்துக்கொள்வோர்க்கு வெயிலில் தலைசுற்றல் வரலாம்; எழும்போது ஒருவர் கைகொடுக்க வேண்டும்.

எந்த மாதம் எது என்பதையும் சொல்லிவிடுகிறோம். நுங்கும் கொடுக்காப்புளியும் கோடையின் தொடக்கத்தில். மாம்பழம் ஏப்ரல் இறுதியிலிருந்து ஜூலை வரை. நாவல் ஜூன், ஜூலையில். சீதாப்பழம் ஆகஸ்டுக்குப் பின். நெல்லி மழைக்காலம் முடியும் தறுவாயில். கொய்யாவும் சப்போட்டாவும் ஆண்டின் பெரும்பகுதி கிடைக்கும்.

பறிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. மாங்காயைத் துறட்டியால் இழுத்துக் கீழே விழவிட்டால் அடிபட்ட இடம் அழுகும். துறட்டியின் நுனியில் வலைப்பை கட்டியிருப்பது அதனால்தான். காம்பைச் சற்று நீளமாக விட்டுப் பறித்து, பிறகு காம்பை ஒடித்துக் கவிழ்த்து வைத்தால் பால் வடிந்துவிடும். அந்தப் பால் தோலில் பட்டால் சிலருக்குக் கொப்புளம் வரும். குழந்தைகளின் முகத்தருகே கொண்டுபோகக் கூடாது. சப்போட்டாவை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சை தெரிந்தால் இன்னும் முற்றவில்லை, மரத்திலேயே விட்டுவிடலாம். கொய்யாவை மட்டும் மரத்திலிருந்து நேரே வாய்க்குக் கொண்டுபோக ஆசை வரும். முன்பு சொன்ன தண்ணீர்க் குழாய் வழியாகப் போகட்டும்.

மாங்காயும் சப்போட்டாவும் பறித்த பின்பே பழுக்கும். கடைப் பழத்தில் கால்சியம் கார்பைடு கல் வைத்திருப்பார்களோ என்ற ஐயம் பலருக்கு உண்டு. அவ்வாறு பழுக்க வைப்பதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. எத்திலீன் வாயுவை வரையறுத்த அளவில் பயன்படுத்துவதற்கு மட்டுமே அனுமதி. நாமே பறித்து வந்ததில் இந்த ஐயத்துக்கு இடமில்லை. அரிசிப் பானையிலோ வைக்கோலிலோ புதைத்து வைத்தால் சில நாட்களில் மணம் வரும். பெரியவர் தின்னக்கூடியது அதில் ஒரு துண்டாகவே இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் தினமும் காலையில் பானைக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, இது இன்றைக்கு, இது நாளை மறுநாளைக்கு என்று பிரித்துச் சொல்லும் வேலையை அவருக்கே கொடுத்துவிடுங்கள். அவர் சொல்லும்வரை குழந்தைகள் எவரும் பானையைத் திறக்கக் கூடாது.